நாய், பூனையோடு வீடு மாறுவது எப்படி: வேலூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொசப்பேட்டை ஓட்டு வீட்டைக் காலி செய்த அன்று, லோடு ஏற்ற வந்தவர்கள் பீரோவை நகர்த்தியதும் அதன் பின்னால் ஒடுங்கியிருந்த எங்கள் பூனை முத்து வெளியே பாய்ந்தது. வாசலில் நின்ற குட்டி யானை லோடு வண்டிக்கு அடியில் புகுந்து எதிர்ச்சந்தில் மறைந்துவிட்டது. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். பக்கத்து வீட்டு ஆயா, "வுடும்மா, பூனை வூட்டுக்குத்தான் சொந்தம், ஆளுக்கா சொந்தம்? இங்கியே கெடக்கும்" என்றார். சாமானோடு சத்துவாச்சாரி போய் இறங்கினோம். அன்றிலிருந்து தினமும் ராத்திரி பழைய தெருவுக்குத் திரும்பி வந்து தேடினேன்.

நாலாம் நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டுத் திண்ணையில், வறுத்த நெத்திலிக் கருவாட்டை ஒரு தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். குளிருக்கில்லை, கொசுவுக்காக முத்து படுக்கும் பழைய போர்வையை மடியில் போட்டிருந்தேன். ஓட்டின் மேலிருந்து குரல் வந்தது. இறங்கி வந்தவள் கருவாட்டுத் தட்டைத் தாண்டிப் போனாள். போர்வையில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் முகர்ந்தாள். அப்புறம் அதற்குள் தலையை நுழைத்துப் படுத்துவிட்டாள். நாலு நாள் பட்டினியாகக் கிடந்த பூனை சாப்பாட்டைப் பார்க்காமல் வாசனையைத் தேடிப் போனது.

ஆயா சொன்னதில் பாதி உண்மை. பூனை வீட்டுக்குச் சொந்தம்தான். ஆனால் பூனைக்கு வீடு என்பது சுவரும் கூரையும் இல்லை, அதன் வாசனை. நாய்க்கும் பெருமளவு அப்படித்தான். நாம் வீடு மாறும்போது செய்வதெல்லாம் அதற்கு நேர் எதிர். எல்லாவற்றையும் துவைக்கிறோம், பழையதைத் தூக்கிப் போடுகிறோம், புது வீட்டை பினாயில் ஊற்றிக் கழுவுகிறோம். அப்புறம் பிராணியைக் கொண்டுபோய் நடுவில் விட்டுவிட்டு, "ஏன் இப்படி மிரளுது?" என்று கேட்கிறோம். அதற்குப் பிறகு காட்பாடி காந்தி நகருக்கு ஒருமுறை மாறினோம், அப்போது செவலை என்கிற நாயும் கூட இருந்தது. அந்த முறை ஒருவரும் தொலையவில்லை. எப்படிச் செய்தோம் என்பதை நாள் வரிசையில் சொல்கிறேன்.

நாள் குறிப்பதற்கு முன்பு

நம் ஊரில் வீடு மாறும் காலம் பெரும்பாலும் மே மாதம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள், ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுகிறோம். பிராணிகளுக்கு இதைவிட மோசமான மாதம் கிடையாது. மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி மே 28 வரை இருக்கும். சுற்றிலும் பாறை மலை இருக்கும் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் அப்போது சாதாரணம். முடிந்தால் தை, மாசியில் வையுங்கள். முடியாது என்றால் தேதியை விடுங்கள், மணியையாவது பிடித்துக்கொள்ளுங்கள். விடிகாலை 5 மணிக்கு ஏற்ற ஆரம்பித்து, பிராணிகள் மட்டுமாவது 8 மணிக்குள் புது வீட்டில் இருக்க வேண்டும். பாலாற்றுப் பாலத்தையும் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தையும் தாண்ட வேண்டியவர்கள், பள்ளி, கல்லூரி, ஆபீஸ் நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்டால் கூடைக்குள் இருக்கும் பூனையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் முதல் பேச்சிலேயே பிராணி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மறைத்து அட்வான்ஸ் கொடுத்தவர்கள், பதினோரு மாத ஒப்பந்தம் முடிவதற்குள் மறுபடி மூட்டை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிக்குத் தடை போடக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது சங்கத்துக்கான பேச்சு. தனி வாடகை வீட்டில் நடைமுறையில் உங்களைக் காப்பாற்றுவது ஒப்பந்தத்தில் "ஒரு நாய், ஒரு பூனை" என்று எழுதி வாங்கும் அந்த ஒற்றை வரிதான்.

புது வீடு கிடைக்கவில்லை, பிராணியை இங்கேயே விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். காலி வீட்டின் கேட்டுக்கு முன்னால் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் நாயைப் பார்த்தவர்களுக்கு அது போதும்.

வீடு பார்க்கும்போது பிராணியின் உயரத்தில் பாருங்கள்

நாம் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று பார்ப்போம். கூடவே தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு சுற்றுப் பாருங்கள். பரண், கேஸ் சிலிண்டர் வைக்கும் இடம், படிக்கு அடி ஆகிய மூன்றிலும் முன்பு இருந்தவர்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். சில எலி மருந்துகள் ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற மூன்று நான்கு நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும், அதற்குள் நாம் எதையும் சம்பந்தப்படுத்திப் பார்க்க மாட்டோம். கரப்பானுக்குக் கிழித்த சாக்பீஸ் கோடுகளைத் துடைத்தெடுங்கள், அந்த மருந்து பூனைக்கு ஆகாது. வாசலில் அரளி இருந்தால் குட்டி நாய்க்கு எட்டாதபடி பாருங்கள். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் கழற்றிய ஓட்டை, பாத்ரூம் வெண்டிலேட்டர், பால்கனி கிரில் இடைவெளி இவை மூன்றும் பூனைக்கு வாசல். தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். நைலான் வலையும் ஜிப் டையும் ஒரு மத்தியான வேலை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால், நாயை அங்கே தனியாக விடுவதில்லை என்று இப்போதே முடிவெடுங்கள். மலையடிவாரத் தெருக்களில் வீட்டை ஒட்டிக் காலி மனை இருந்தால் புதரை வெட்டச் சொல்லுங்கள், பாம்புக்கும் தேளுக்கும் அதுதான் இடம்.

முன்பு இருந்தவர்கள் நாய் வளர்த்தார்களா என்று அவசியம் கேளுங்கள். இரண்டு காரணம். ஒன்று உண்ணி. சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் ஒளிந்துகொண்டு, கடிக்க ஆள் கிடைக்காமலே பல மாதம் உயிரோடிருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிசல்களை சிமெண்டு வைத்து அடைத்து ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிட்டுக் குடி போவது நல்லது. இன்னொன்று பார்வோ என்கிற, குட்டி நாய்களைக் கொல்லும் கழிச்சல் நோய். அந்த வீட்டில் குட்டி நாய் ரத்தக் கழிச்சலில் செத்திருந்தால், கிருமி மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட அங்கே இருக்கும். 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து தரையில் 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். அப்படியும் தடுப்பூசி முழுசாக முடியாத குட்டியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு

கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை போய் வாருங்கள். வெறிநாய்த் தடுப்பூசி தேதி தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஊசிப் புத்தகத்தை ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் அதே கவரில் வையுங்கள். புதுத் தெருவில் யாரையாவது நாய் நகத்தால் கீறிவிட்டால்கூட அந்தப் புத்தகம்தான் பேசும். வண்டியில் வாந்தி எடுக்கும் பிராணியாக இருந்தால் அதற்கான மாத்திரையை அவரிடமே கேளுங்கள். தூக்க மாத்திரை நீங்களாகக் கொடுக்காதீர்கள். வெயிலில் உடல் சூட்டைச் சமாளிக்கும் சக்தியை அது குறைத்துவிடும்.

பூனைக்கூடையை அன்றே வாங்கி, வாயைத் திறந்து, வீட்டில் பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் வைத்துவிடுங்கள். அதற்குள் துவைக்காத பழைய பனியன் ஒன்று, தினமும் ஒரு வேளைச் சாப்பாடு. பத்தே நாளில் அதுவே உள்ளே போய்த் தூங்கும். மேல்பக்கமும் திறக்கிற கூடை கிடைத்தால் இன்னும் நல்லது, மருத்துவரிடம் இழுபறி இருக்காது. வாங்க வசதியில்லை என்றால் ஒரே அளவு பிளாஸ்டிக் துணிக்கூடை இரண்டை வாயோடு வாய் கவிழ்த்து, சுற்றிலும் எட்டு ஜிப் டை போட்டால் போதும், காற்றும் நன்றாக வரும். சாக்குப்பை மட்டும் வேண்டவே வேண்டாம். வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அந்த இருட்டும் புழுக்கமும் பூனையைத் திணறடித்துக் கொல்லக்கூடியவை.

அட்டைப்பெட்டிகளை முதல் வாரத்திலேயே கொண்டுவந்து கூடத்தில் அடுக்குங்கள். மளிகைக்கடைப் பெட்டிகளில் எலி வாசனையும் பருப்பு வாசனையும் இருக்கும், பூனை நாலு நாள் முகர்ந்து, ஏறி விளையாடி, சலித்துவிடும். கடைசி நாளில் திடீரென்று நாற்பது பெட்டி முளைப்பதுதான் பயமுறுத்துகிறது. கட்டும்போது தினமும் ஒரு அலமாரி என்று கட்டுங்கள். பிராணி இருக்கும் அறையைக் கடைசியாக வையுங்கள். பட்டுப்புடவை பீரோவைக் காலி செய்யும்போது உருண்டோடும் பாச்சை உருண்டைகளை எண்ணி எடுங்கள், நாய்க்கும் பூனைக்கும் அது விஷம். சுவாமி அறைக் கற்பூரமும் அப்படியே.

பால் காய்ச்சும் நாளைப் பயன்படுத்துங்கள்

பெரும்பாலான வீடுகளில் பால் காய்ச்சுவது ஒரு நாள், சாமான் போவது இன்னொரு நாள். நடுவில் கிடைக்கும் இந்த இடைவெளி பிராணி வளர்ப்பவர்களுக்குப் பெரிய வரம்.

உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, சாயங்காலம் நாயைக் கயிற்றோடு அழைத்துப்போய் ஒவ்வொரு அறையாக முகரவிடுங்கள். இழுக்காதீர்கள், அது நிற்கும் இடத்தில் நில்லுங்கள். செவலை பின்கட்டுச் சுவரின் ஒரு மூலையை மட்டும் ஐந்து நிமிஷம் முகர்ந்தான். அவனுக்கு அங்கே என்ன தெரிந்ததோ, குடிவந்த பிறகு அந்த மூலையில்தான் படுத்தான். தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். புதுத் தெருவுக்கென்று நாலைந்து நாய்கள் இருக்கும், அவற்றுக்கு அது சொந்த ஊர். முனை டீக்கடைக்காரருக்கு அவற்றின் குணமெல்லாம் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றுக்கு பிஸ்கட் போடுவதைக் குடிவரும் முன்பே தொடங்கிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

பூனையை அன்று கொண்டுபோக வேண்டாம். அதன் வாசனையை மட்டும் கொண்டுபோங்கள். முந்தின நாலைந்து நாள் ஒரு பழைய பனியன் துணியால் அதன் கன்னத்தையும் தாடையையும் மெதுவாகத் தடவி எடுங்கள். பூனை கதவு நிலையிலும் நம் காலிலும் கன்னத்தை உரசுவது கொஞ்சுவதற்கு மட்டுமில்லை, "இது என் இடம்" என்று தன் வாசனையைப் பூசுகிறது. அதே துணியால் புது வீட்டில் பூனைக்கென்று ஒதுக்கும் அறையின் சுவர் மூலை, கதவு நிலை, கட்டில் கால் எல்லாவற்றையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் துடையுங்கள். எங்கள் வீட்டில் சிரித்தார்கள். முத்து புது அறையில் முதல் ராத்திரியே சாப்பிட்டதும் சிரிப்பு நின்றது.

அந்த அறைக்கு பினாயில் போடாதீர்கள். அதிலுள்ள பீனால் வகைப் பொருளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. தரையில் நடந்த காலை நக்கினாலே உள்ளே போய்விடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு இதே காரணத்தால் உயிர்க்கொல்லி. நாய்க்குத் தடவும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கும், அதைப் பூனை மேல் தடவிவிட்டால் வலிப்பு வந்துவிடும்.

முந்தின நாள்: தனிப் பை

மற்ற சாமான் எந்தப் பெட்டியில் போனாலும் பரவாயில்லை, இது உங்கள் தோளில் தொங்க வேண்டும். மூன்று நாளுக்கான வழக்கமான தீனி (இந்த வாரம் புதுத் தீனி மாற்றாதீர்கள்), தட்டு, தண்ணீர்க் கிண்ணம், மருந்து, ஊசிப் புத்தகம், கயிறு, வாய்க்கூடு, இரண்டு பருத்தித் துண்டு, இரண்டு லிட்டர் பழைய வீட்டுத் தண்ணீர். புதுத் தண்ணீரின் சுவை பிடிக்காமல் குடிக்காமலிருக்கும் பிராணிகள் உண்டு. காவிரிக் கூட்டுக் குடிநீருக்கும் போர்த் தண்ணீருக்கும் நமக்கே வித்தியாசம் தெரிகிறதே. பூனை ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போகும் மண்ணிலிருந்து ஒரு டம்ளர், சுத்தம் செய்யாமல் அப்படியே, மூடி போட்ட டப்பாவில். படுக்கையைத் துவைக்காதீர்கள். அம்மாவோ மாமியாரோ "இந்த அழுக்கையா புது வீட்டுக்குக் கொண்டுபோறே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் துவைக்கலாம்.

கழுத்துப் பட்டையில் செல்போன் எண் எழுதிய வில்லை அன்றே மாட்டிவிடுங்கள். தெளிவான புகைப்படம் இரண்டு, முகமும் முழு உடம்பும், போனில் இருக்கட்டும்.

அந்த நாள்

லோடு ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பூனையைக் கூடைக்குள் விட்டு, கூடையை பாத்ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள். கதவில் பெரிய எழுத்தில் "உள்ளே பூனை. திறக்க வேண்டாம்" என்று ஒட்டுங்கள். முதல் வீட்டில் நான் செய்யாதது இதுதான். பூனையை ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன், பூட்டவில்லை. பீரோ எடுக்க வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? நாயை மட்டும் தெரிந்தவர் யாராவது வாக்கிங் அழைத்துப்போய்விடட்டும். சாமான் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கும் நாய், தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அலைமோதும்.

கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம்.

"பின்னாடி கட்டில் பக்கத்துல கட்டிடலாம்மா" என்பார் வண்டிக்காரர், நல்ல மனசோடுதான். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரும்புத் தளம் சூடேறும், கட்டிய கயிறு பிரேக் போடும்போது கழுத்தை இறுக்கும், சரியும் சாமான் மேலே விழும். பூனைக்கூடை ஆட்டோவில் உங்கள் மடியில் வரட்டும். மூன்று பக்கம் மெல்லிய வேட்டித் துணி போர்த்தி, காற்று வர ஒரு பக்கம் விடுங்கள். பாதி வழியில் எவ்வளவு கத்தினாலும் கூடையைத் திறக்காதீர்கள். நாய்க்குக் கார் என்றால் ஏசியைப் பத்து நிமிஷம் முன்பே போட்டுக் குளிரவைத்த பிறகு ஏற்றுங்கள். டீ குடிக்க நிறுத்தும்போது காருக்குள் விட்டுப் பூட்டக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் சூடு ஏறத்தான் செய்யும்.

வாய் பிளந்து வேகமாக இரைப்பது, கெட்டியாக எச்சில் வழிவது, ஈறு அடர்சிவப்பாவது, தள்ளாடுவது எல்லாம் வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தொட்டால் உயிர்ப்போராட்டம். நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இது மிகச் சீக்கிரம் வரும். 1962 என்பது கால்நடை அவசர ஊர்திக்கான எண், போனில் பதிந்து வையுங்கள்.

வேலூரை விட்டே போகிறவர்களுக்கு: காட்பாடி ஜங்ஷனிலிருந்து ரயிலில் நாயை உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் தனிக் கூபேயோ (இருவர் அறை) கேபினோ (நால்வர் அறை) முழுசாக உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டிதான். எதற்கும் பார்சல் ஆபீசில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

கோழி, புறா, மீன்

கோழியைப் பொழுது சாய்ந்து அடைந்த பிறகு தூக்குங்கள், சத்தமே இருக்காது. புது இடத்தில் நாலைந்து நாள் கூடையில் கவிழ்த்தே வைத்துத் தீனி போட்டால் அந்த இடத்துக்கு அடைய வந்துவிடும். புறா அப்படி இல்லை. வளர்ந்த புறா திறந்துவிட்ட உடனே பழைய மாடிக்குப் பறக்கும், நம்பகமான பழைய தெருக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவதே நல்லது. பச்சைக்கிளி வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வீடு மாறும் சமயத்தில் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

மீன் தொட்டியைத் தண்ணீரோடு தூக்காதீர்கள், அடிக்கண்ணாடி விரிந்துவிடும். முந்தின நாள் தீனி நிறுத்தி, காலையில் பழைய தண்ணீரைப் பாதிக்கு மேல் மூடியுள்ள வாளிகளில் பிடியுங்கள். மீன்களைப் பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று என்று கட்டித் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழியாமல், கழுவாமல் அதே தண்ணீரில் ஊறவையுங்கள். தொட்டியை உயிரோடு வைப்பது அதிலிருக்கும் நல்ல பாக்டீரியாதான். புது வீட்டில் மூடிய பையை 20 நிமிஷம் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து விடுங்கள்.

முதல் ராத்திரியிலிருந்து

பூனைக்கு ஒரே ஒரு அறை. கூடையை வைத்துக் கதவைத் திறந்துவிட்டு, பழைய மண்ணைப் புது மண்ணின் மேல் தூவி, துவைக்காத போர்வையை விரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள் கிடந்தாலும் இழுக்காதீர்கள். அறைக்குள்ளேயே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதோ, பேப்பர் படிப்பதோ, நம் வேலையைச் செய்தால் போதும் (வெங்காயத் தோலைப் பெருக்கிவிடுங்கள், நாய் பூனை இரண்டுக்கும் ஆகாது). வால் உயர்ந்து கதவடியில் நிற்க ஆரம்பித்தால் அடுத்த அறை. இப்படியே ஒரு வாரம், பத்து நாள்.

நாய்க்கு அறை முக்கியமில்லை, நேரம் முக்கியம். பழைய வீட்டில் ஆறு மணிக்கு வாக்கிங் என்றால் இங்கேயும் ஆறு மணி. சாமான் ஒதுங்கவில்லை என்றாலும் சரி. முதல் இரண்டு வாரம் கயிறில்லாமல் வாசல் தாண்டவிடாதீர்கள். முதல் நாளே தனியாகப் பூட்டிவிட்டு மீதி சாமான் எடுக்கப் போகாதீர்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். குடிவந்து ஒன்று, இரண்டு வாரத்தில் நாய் சோர்ந்து படுத்தால், "பழைய வீட்டு ஏக்கம்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் இரண்டு நாள் விட்டுவிட்டேன். செவலையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெளுத்திருந்தது. அது உண்ணிக் காய்ச்சல், ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஏக்கம் என்றால் இரண்டு நாளில் சாப்பிட ஆரம்பித்துவிடும். சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது, மூக்கில் ரத்தம் கசிகிறது என்றால் அன்றே கூட்டிப்போங்கள். தினமும் காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி பாருங்கள். பூனை மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால் ஈரல் கெட ஆரம்பித்துவிடும், அதற்கும் காத்திருக்கக் கூடாது.

பூனை தப்பிப்போனால் முதலில் அக்கம்பக்கத்து நாலு வீட்டுத் தூரத்துக்குள் தேடுங்கள். புது இடத்தில் பயந்த பூனை தூரம் போகாது. வண்டிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மாடிப்படி அடியில் மூச்சுக்கூட விடாமல் இருக்கும். நள்ளிரவுக்கு மேல் தெரு அடங்கிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் கண் பளபளக்கும். அதன் போர்வையை வாசலில் போட்டு வையுங்கள். பழைய வீடு நடக்கிற தூரத்தில் இருந்தால் அங்கேயும் பாருங்கள். பழைய தெருவில் இரண்டு வீட்டுக்காவது உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். "பாத்தா போன் பண்ணு ஆயா" என்று நான் கடைசியில் கொடுத்துவிட்டு வந்த சீட்டு, இன்னும் அந்த ஆயா வீட்டு காலண்டரில் குத்தியிருக்கிறது.

வெளியே சுற்றிப் பழகிய பூனையானால் நாலு வாரம் கழித்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். அதுவும் சாப்பாட்டு வேளைக்குக் கால் மணி முன்பு, வயிறு காலியாக இருக்கும்போது. பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு, தட்டில் கரண்டியால் தட்டிக் கூப்பிடுங்கள்.